பிங் போகுது, சைட் தெறக்கல: லினக்ஸ்ல டிஎன்எஸ் படுத்துன பாடு

சித்தப்பா பையன் அவன் ஆபீஸ்ல பழைய லேப்டாப்பெல்லாம் விக்கறாங்கன்னு உபுண்டு போட்டதையே ஒண்ணு வாங்கிட்டு வந்தான். வீட்டு வைஃபைல கனெக்ட் ஆகுது, 8.8.8.8ங்கற கூகுள் சர்வர் ஐபிக்கு பிங் அடிச்சா பதில் வருது, ஆனா ப்ரௌசர்ல ஒரு சைட்டும் தெறக்க மாட்டேங்குது. சரி டிஎன்எஸ்தான் (சைட் பேரை ஐபி நம்பரா மாத்தறது) கோளாறுன்னு, உபுண்டுல அந்த வேலையை பாக்கற சிஸ்டம்டி ரிசால்வ்டை நேரா கேக்கற ரிசால்வ்சிடிஎல் க்வெரி போட்டு பாத்தா ஐபி டக்குன்னு வருது! அதே பேரை, மத்த ப்ரோக்ராம்கள் கேக்கற வழியிலயே கேக்கற கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்ல கேட்டா ரொம்ப நேரம் முழிச்சிட்டு ஒண்ணும் குடுக்காம திரும்புது.

ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்ல மேலயே "ரிசால்வ்.கான்ஃப் மோட்: ஃபாரின்"னு (அந்த ஃபைலை வேற யாரோ எழுதிருக்காங்கன்னு அர்த்தம்) இருந்துச்சு, அங்கதான் பிடி கெடச்சுது. உபுண்டுல ஈடிசி ஃபோல்டருக்குள்ள இருக்கற ரிசால்வ்.கான்ஃப் (எந்த டிஎன்எஸ் சர்வரை கேக்கணும்னு சொல்ற ஃபைல்) சாதாரணமா நெஜ ஃபைலே இல்ல, சிஸ்டம்டி ரிசால்வ்டு எழுதி வைக்கற ஃபைலுக்கு ஒரு லிங்க்தான், உள்ள 127.0.0.53னு, அதாவது அதே மெஷின்ல ஓடற ரிசால்வ்டோட ஐபி இருக்கும். இதுல யாரோ அந்த லிங்க்கை தூக்கிட்டு தனி ஃபைலா போட்டு, ஆபீஸ் சர்வரோட 10ல ஆரம்பிக்கற ஐபியை எழுதிருக்காங்க, அது எப்படி நம்ம வீட்ல பதில் சொல்லும். சரி அழிச்சிரலாம்னு சுடோ போட்டு ஆர்எம் அடிச்சா "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்"ங்குது, ரூட்டுக்கே, அதாவது அட்மினுக்கே! ஃபைலோட குணத்தை காட்டற எல்எஸ்ஏடிடிஆர் போட்டா அந்த கோடுகளுக்கு நடுவுல ஒத்த 'ஐ' (மாத்தவோ அழிக்கவோ முடியாதுங்கற அடையாளம்) உக்காந்திருக்கு. நெட்வொர்க் மேனேஜர்ங்கற ப்ரோக்ராம் மாத்திடக்கூடாதுன்னு சிஎச்ஏடிடிஆர் ப்ளஸ் ஐ போட்டு பூட்டி வச்சிருக்கான் மகராசன். மைனஸ் ஐ போட்டு பூட்டை எடுத்து, ஃபைலை அழிச்சு, ரிசால்வ்டோட அந்த ஸ்டப் ஃபைலுக்கு திரும்ப லிங்க் குடுத்ததும் எல்லாம் ஓடிருச்சு.

நெட்ல பாதிப் பேர் இந்த ப்ளஸ் ஐ வைத்தியத்தைதான் சொல்றாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. டிஎன்எஸ் மாத்தணும்னா நெட்வொர்க் மேனேஜரோட கமாண்டான என்எம்சிஎல்ஐல அந்த கனெக்ஷனுக்கு ஐபிவி4.டிஎன்எஸ் குடுத்து, இக்னோர் ஆட்டோ டிஎன்எஸ்சுக்கு 'யெஸ்' போட்டு, ஒருதடவ டவுன் பண்ணி அப் பண்ணுங்க, அவ்ளோதான். உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு, சொல்லுங்க.

*

அண்ணே, நான் பாத்தது இதுக்கு நேர்மாறு. மாமா வீட்ல டெபியன்ங்கற இன்னொரு லினக்ஸ், அதுல ரிசால்வ்டு எல்லாம் கெடயாது, ரவுட்டர்ல ஹார்ட் டிஸ்க் பொட்டிக்கு நாஸ்.லோக்கல்னு பேர் குடுத்திருக்காரு. டிக் கமாண்ட் போட்டா ஐபி வருது, பிங் போட்டா அப்படி ஒரு பேரே தெரியாதுங்குது. டிக் நேரா டிஎன்எஸ் சர்வரைத்தான் கேக்கும், பிங், பேரை எங்கெங்க தேடணும்னு வரிசை சொல்ற என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் ஃபைலை பாத்துட்டுதான் போகும், அதுல ஹோஸ்ட்ஸ் வரில எம்டிஎன்எஸ்4 மினிமலுக்கு (சர்வர் இல்லாம வீட்டு நெட்வொர்க்லயே பேர் கேக்கற எம்டிஎன்எஸ்சோட பகுதி) அப்புறம் நாட்ஃபவுண்ட் ரிட்டர்ன்னு இருக்கும் பாருங்க, லோக்கல்னு முடியற பேரா இருந்தா அங்கயே திருப்பி அனுப்பிரும், டிஎன்எஸ் வரைக்கும் போகவே போகாது. லோக்கலை 2013லயே எம்டிஎன்எஸ்சுக்குன்னு ஒதுக்கிட்டாங்க, வீட்டு நெட்வொர்க்குக்குன்னு 2018ல ஹோம்.ஆர்பா வந்துச்சு, அதுக்கு மாத்திட்டோம், இப்ப ரெண்டுலயும் வருது.

*

எங்க வீட்ல விளம்பரம் தடுக்க ராஸ்பெர்ரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டர் ஒண்ணு, அதுதான் முதல் நேம்சர்வர் (டிஎன்எஸ் சர்வர்), ரெண்டாவது வெளியில இருக்கற 9.9.9.9. வீட்டுக்காரர், லினக்ஸ் ரெண்டையும் ஒரே நேரத்துல கேக்கும்னே நெனச்சிட்டு இருந்தாரு. அப்படி இல்லீங்க, முதல்ல இருக்கறது பதிலே சொல்லாம போனாதான் அடுத்ததுக்கு போகும், அதுக்கு 5 செகண்ட் காத்திருக்கும், "அப்படி பேர் இல்ல"ன்னு சொல்லிட்டா அதுதான் முடிவு. கரண்ட் போய் பை ஆஃப் ஆன அன்னிக்கு ஒவ்வொரு பேஜும் ஆமை மாதிரி நகந்துச்சு. டிஎன்எஸ் ஆப்ஷன்ஸ்ல டைம்அவுட்:1னு (ஒரு செகண்ட் மட்டும் காத்திருக்க) போட்டுருக்கேன், பரவால்ல, ஆனா பை இல்லாத நேரத்துல இன்னும் லேசா திக்கத்தான் செய்யுது.