விண்டோஸ் 7, விண்டோஸ் 11, உபுண்டு மூணும் கலந்து கிடக்கு: டேனரி ஸ்டாக் சாஃப்ட்வேருக்கு உதவி தேவை

குடியாத்தம்காரன் | திங்கள், இரவு 10.50

எல்லாருக்கும் வணக்கம். பேர்ணாம்பட்டு பக்கம் ஒரு டேனரிக்கு (தோல் பதனிடுற ஆலை) ஆறு வருஷம் முன்னாடி ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். மொழி சி ஷார்ப், ஸ்கிரீனுக்கு வின்ஃபார்ம்ஸ், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 5.7. தோல் லாட் உள்ளே வர்ற எடை, வெளியே போற எடை, ஜாப் ஒர்க் பில், அவ்வளவுதான். எல்லாம் ஒரே விண்டோஸ் கம்ப்யூட்டர்ல இருந்ததால இத்தனை வருஷத்துல பெரிசா ஒரு போன் வந்ததில்ல.

போன மாசம் ஓனர் பையன் புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, உபுண்டு 24.04 போட்டு, இனிமே டேட்டாபேஸ் இதுலதான்னு சொல்லிட்டார். நானும் இதான் சாக்குன்னு என் லேப்டாப்ல டாட்நெட் 8 எஸ்டிகே (ப்ரோக்ராம் பில்ட் பண்ற மைக்ரோசாஃப்ட் டூல்) போட்டு, ப்ராஜெக்டையே அதுக்கு மாத்திட்டேன். வினை அங்க ஆரம்பிச்சுது.

எடை கேபின்ல இருக்கிறது விண்டோஸ் 7, 32 பிட். எக்ஸிஇயை க்ளிக் பண்ணா "இது செல்லுபடியான வின்32 அப்ளிகேஷன் இல்லை"ங்குது. எக்ஸ்86னு (32 பிட்) மாத்தி பில்ட் பண்ணிப் பார்த்தேன், இப்ப வேற ஏதோ டிஎல்எல் (துணை ஃபைல்) கிடைக்கலைன்னு நிக்குது.

அக்கவுண்டன்ட் மெஷின் விண்டோஸ் 11. திறக்குது, லாகின் ஆகுது, ஆனா லாட் லிஸ்ட் கேட்டா "ஹைட்லாட்னு ஒரு டேபிளே இல்லை"ன்னு சொல்லுது. டேபிள் உபுண்டுல என் கண்ணு முன்னாடி இருக்கு!

மூணாவது, பார்ட்டி பேரெல்லாம் தமிழ்ல வெச்சிருந்தோம். புது டேட்டாபேஸ்ல வரிசையா கேள்விக்குறியா இருக்கு.

மூணு மெஷின்லயும் எஸ்டிகே போடணுமா? எந்த வெர்ஷன்? சனிக்கிழமை பெரிய லாட் வருது.

சத்துவாச்சாரி | திங்கள், இரவு 11.05

இன்னாபா, இன்னும் விண்டோஸ் 7 வெச்சிகினு கீறாங்களா? 2020 ஜனவரியிலயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிடுச்சு. புது மெஷின் வாங்கச் சொல்லு, முடிஞ்சுது வேலை.

குடியாத்தம்காரன் | திங்கள், இரவு 11.12

சொல்லிப் பார்த்துட்டேன் அண்ணா. எடை மெஷின்லேர்ந்து வயர் ஒரு பழைய சீரியல் கார்டுக்கு வருது. கார்டுக்கு டிரைவர் விண்டோஸ் 7 வரைக்கும்தான். கார்டை மாத்தினா எடை காட்டுற இண்டிகேட்டரையும் மாத்தணும்னு சர்வீஸ்காரர் சொல்றார். ஓனர் அதைக் கேட்டதுமே எழுந்து போயிட்டார்.

பாலாற்றங்கரை | செவ்வாய், காலை 6.30

தம்பி, எஸ்டிகே கேள்வியை முதல்ல முடிச்சிடலாம். ஆம்பூர்ல பிரியாணி சாப்பிட வர்றவன் டேக்சாவும் விறகும் தூக்கிட்டு வரணுமா? எஸ்டிகே உன் லேப்டாப்ல மட்டும் இருந்தா போதும். மத்த மெஷின்ல ப்ரோக்ராமை ஓட்டுற ரன்டைம் வேணும். நீ எந்த எஸ்டிகே வெச்சிருக்கேங்கிறது முக்கியமே இல்ல. ப்ராஜெக்ட்ல டார்கெட்டுன்னு, அதாவது எந்த ரன்டைமுக்குன்னு, என்ன எழுதியிருக்கேன்னு பாரு.

உன் முதல் எர்ரர் 64 பிட் பில்டை 32 பிட் விண்டோஸ்ல போட்டதால வந்தது. அதைச் சரி பண்ணதும் அடுத்த எர்ரர் வந்தது, ஏன்னா டாட்நெட் 8க்கு விண்டோஸ் 7ல ஆதரவே கிடையாது. அதுக்கு விண்டோஸ் 10, அதுவும் 1607 வெர்ஷனோ அதுக்கு மேலயோ வேணும். விண்டோஸ் 7ஐக் கடைசியா ஏத்துக்கிட்டது டாட்நெட் 6. அதுக்கும் 2024 நவம்பர் 12ஓட ஆதரவு முடிஞ்சிடுச்சு. நெட்ல எவனாவது ஏதாவது அப்டேட் போட்டா டாட்நெட் 8 விண்டோஸ் 7ல ஓடும்னு எழுதியிருப்பான், அதை நம்பி டேனரி எடையை ஒப்படைக்காதே.

ரெண்டு டார்கெட் வெச்சு ரெண்டு பில்ட் போடலாம். உனக்கு அந்தத் தொல்லை வேணாம்னுதான் சொல்வேன். டார்கெட்டை டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8க்கு (விண்டோஸுக்கான பழைய டாட்நெட்) இறக்கு, பிளாட்ஃபார்ம் எக்ஸ்86னு வை. 4.8 விண்டோஸ் 7 எஸ்பி1ல இறங்கும், விண்டோஸ் 11ல அதோட ரன்டைம் ஏற்கனவே இருக்கு. ஒரே எக்ஸிஇ ரெண்டு இடத்துலயும் ஓடும். 4.8.1ன்னு இன்னொன்னு இருக்கு, அதை எடுக்காதே, விண்டோஸ் 7ல ஏறாது. உன் டாட்நெட் 8 எஸ்டிகேயை வெச்சே 4.8க்கு பில்ட் பண்ணலாம், ஃபிரேம்வொர்க்கோட ரெஃபரன்ஸ் அசெம்ப்ளி பேக்கேஜை மட்டும் நூகெட்லேர்ந்து (டாட்நெட் பேக்கேஜ் கிடைக்கிற இடம்) சேர்த்துக்கோ.

மைக்ரோசாஃப்ட் டாட்நெட்ல வின்ஃபார்ம்ஸ் உபுண்டுல ஓடாது. அங்க ஸ்கிரீன் கேட்டு ஓனர் பையன் வந்தா, ஆகாதுன்னு இப்பவே சொல்லிடு. டேட்டாபேஸ் பேசுற கோடை மட்டும் தனியா பிரிச்சு டாட்நெட் ஸ்டாண்டர்ட் 2.0 லைப்ரரியா வை. 4.8உம் அதை எடுத்துக்கும், நாளைக்கு உபுண்டுல டாட்நெட் 8ல ஏதாவது ரிப்போர்ட் ஓட்டணும்னா அதுவும் எடுத்துக்கும்.

காட்பாடி ஜங்ஷன் | செவ்வாய், காலை 9.15

டேபிள் விஷயம் நான் சொல்றேன். உங்க கோட்ல ஹைட்லாட்டை எப்படி எழுதியிருக்கீங்க? எச்சும் எல்லும் பெரிய எழுத்தா?

குடியாத்தம்காரன் | செவ்வாய், காலை 9.40

ஆமா அக்கா. ஆனா விண்டோஸ்ல ஆறு வருஷமா அப்படித்தானே ஓடிச்சு?

காட்பாடி ஜங்ஷன் | செவ்வாய், காலை 10.02

அதான் காரணமே. டேபிள் பேர்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்கணுமான்னு மைஎஸ்க்யூஎல்ல ஒரு செட்டிங் இருக்கு. விண்டோஸ்ல அதோட இயல்பு மதிப்பு 1: எல்லாப் பேரையும் சின்ன எழுத்தாக்கித்தான் வெச்சுக்கும், நீங்க எப்படிக் கேட்டாலும் கொடுக்கும். லினக்ஸ்ல 0, எழுத்துக்கு எழுத்து பார்க்கும். விண்டோஸ்லேர்ந்து எடுத்த டம்ப்ல (டேட்டாபேஸோட நகல் ஃபைல்) எல்லாம் சின்ன எழுத்து, கோட்ல டேட்டா கேட்கிற உங்க குவெரியில பெரிய எழுத்து. டேபிள் உங்க கண்ணுக்குத் தெரியுது, அதுக்கு உங்க குவெரி தெரியல. தமிழ்ல இந்தப் பஞ்சாயத்தே கிடையாது, நிம்மதி.

அந்த செட்டிங்கை 1ஆ மாத்திடலாம்னு கூகுள் சொல்லும், கை வைக்காதீங்க. உபுண்டு 24.04ல வர்ற மைஎஸ்க்யூஎல் 8ல அது டேட்டா டைரக்டரி முதல்முதல்ல உருவாகும்போது மட்டும்தான் செல்லும். அப்புறம் மாத்தினா சர்வரே எழுந்திருக்காது. உபுண்டுல பேக்கேஜ் போட்ட உடனே டைரக்டரி உருவாகிடும், ஆக உங்களுக்கு அந்த வாய்ப்பு ஏற்கனவே போயிடுச்சு. குவெரியில இருக்கிற டேபிள் பேரையெல்லாம் சின்ன எழுத்தாக்கிடுங்க. டேபிளுக்கு வெச்ச சுருக்கப் பேரையும் பாருங்க, லினக்ஸ்ல அதுலயும் எழுத்து பார்க்கும். காலம் பேரை விட்டுடுங்க, எந்த ஓஎஸ்லயும் பிரச்சனை இல்ல.

கேள்விக்குறி விஷயத்துக்கு ஒண்ணு சொல்லுங்க. டம்ப் எப்படி எடுத்தீங்க?

குடியாத்தம்காரன் | செவ்வாய், மதியம் 1.20

பவர்ஷெல்ல மைஎஸ்க்யூஎல் டம்ப் போட்டு ஃபைலுக்குத் திருப்பினேன். உபுண்டுல ஏத்தும்போது ஏதோ நல் கேரக்டர் இருக்குன்னு திட்டிச்சு. அதனால நோட்பேட்ல திறந்து ஆன்சின்னு சேவ் பண்ணி ஏத்தினேன். ஏறிடுச்சு.

காட்பாடி ஜங்ஷன் | செவ்வாய், மதியம் 1.31

ஏறினது தோல் மட்டும்தான், உயிர் நோட்பேட்லயே போயிடுச்சு. விண்டோஸ் பவர்ஷெல்ல அம்புக்குறி போட்டுத் திருப்பினா ஃபைல் யூடிஎஃப் 16ங்கிற குறிமுறையில எழுதப்படும். அதைத்தான் மைஎஸ்க்யூஎல் திட்டிச்சு. நீங்க ஆன்சில சேவ் பண்ணதும், அந்தக் குறிமுறையில தமிழுக்கு இடமே இல்லாததால ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுடுச்சு. அந்த ஃபைல்லேர்ந்து பேரைத் திரும்ப எடுக்க வழியே இல்ல. பழைய மெஷின்ல டேட்டா இன்னும் இருக்கா?

குடியாத்தம்காரன் | செவ்வாய், மதியம் 1.33

இருக்கு! அதை அழிக்கல. அதுல பேரெல்லாம் ஒழுங்கா தெரியுது.

காட்பாடி ஜங்ஷன் | செவ்வாய், மதியம் 1.45

சாமி காப்பாத்தினார். திரும்ப எடுங்க. அம்புக்குறி வேண்டாம், டம்ப் கமாண்ட்லயே ரிசல்ட் ஃபைல்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல ஃபைல் பேரைக் கொடுங்க. கேரக்டர் செட் (எழுத்துக் குறிமுறை) யூடிஎஃப்8எம்பி4னும் சொல்லிடுங்க. நோட்பேட்ல திறக்கவே திறக்காதீங்க. எடுத்த டம்ப்ல டேபிள் லத்தீன்1ன்னு இருக்கான்னு உபுண்டுல பாருங்க, 5.7ல இயல்பு அதுதான், 8ல யூடிஎஃப்8எம்பி4. இன்னொன்னு, 8லேர்ந்து எடுக்கிற பேக்கப் 5.7ல அப்படியே ஏறாது, புது கோலேஷன் (எழுத்து வரிசை முறை) பேரைப் பார்த்துத் தெரியாதுன்னு சொல்லிடும். பழைய மெஷினை பேக்கப்புக்கு நம்பாதீங்க.

குடியாத்தம்காரன் | புதன், இரவு 9.10

அப்டேட். மொத்தம் 43 குவெரி, எல்லாத்தையும் மாத்திட்டேன். தமிழ் வந்துடுச்சு. பழைய பார்ட்டி லிஸ்ட்ல மாவட்டம் கட்டத்துல ஒருத்தருக்கு "வட ஆற்காடு", இன்னொருத்தருக்கு "வேலூர்", அடுத்தவருக்கு "திருப்பத்தூர்"னு இருக்கு, மூணு பேரும் வாணியம்பாடி. அதை அப்புறம் பார்த்துக்கறேன்.

4.8க்கு இறக்கினதும் 60 எர்ரர். சி ஷார்ப்ல புது சிண்டாக்ஸ் நிறைய போட்டுட்டேன், தேதிக்கான டேட்ஒன்லியும் அங்க இல்லையாம். உக்காந்து திருத்திட்டேன். விண்டோஸ் 7ல 4.8 இன்ஸ்டாலர் சர்டிஃபிகேட் இல்லைன்னு நின்னுச்சு, மைக்ரோசாஃப்ட் 2011 ரூட் சர்டிஃபிகேட்டை ஏத்தினதும் போச்சு. இப்ப ப்ரோக்ராம் திறக்குது, ஆனா டேட்டாபேஸ் கனெக்ட் ஆகல. "கேச்சிங் ஷா2 பாஸ்வேர்ட்" தெரியாதுங்குது. விண்டோஸ் 11லயும் இதே.

பாலாற்றங்கரை | புதன், இரவு 9.50

4.8க்கு இறக்கும்போது பழைய ப்ராஜெக்ட்ல டேட்டாபேஸோட பேச வெச்சிருந்த கனெக்டரையும் சேர்த்து இழுத்துட்டு வந்திருப்பே. மைஎஸ்க்யூஎல் 8 யூசர் உருவாக்கும்போது இயல்பா அந்தப் புது முறையிலதான் பாஸ்வேர்ட் வைக்கும், பழசுக்கு அது புரியாது. மைஎஸ்க்யூஎல்கனெக்டர்னு நூகெட்ல இருக்கிறதைப் போடு, 4.8ல ஓடும். யூசரைப் பழைய பாஸ்வேர்ட் முறைக்கு மாத்துன்னும் ஒரு வழி சொல்வாங்க. 8.0ல நடக்கும், ஆனா 9.0ல அதைத் தூக்கியே போட்டுட்டாங்க, அந்தக் கடனை இப்ப வாங்காதே.

அதுக்கப்புறமும் விண்டோஸ் 7 மட்டும் முரண்டு பிடிச்சா டிஎல்எஸ் 1.2 (இணைப்பை மறையாக்குற முறை) பாரு. 8.0.28லேர்ந்து மைஎஸ்க்யூஎல், டிஎல்எஸ் 1.0, 1.1 ரெண்டையும் ஏத்துக்காது. விண்டோஸ் 7க்கு 1.2 தெரியும், ஆனா இயல்பா அணைச்சு வெச்சிருக்கும். ரெஜிஸ்ட்ரியில எஸ்சேனல் பகுதியில போய் கிளையன்ட் பக்கம் அதை எழுப்பி, ரீஸ்டார்ட் பண்ணு. அவசரத்துல அந்த மறையாக்கத்தையே (எஸ்எஸ்எல்) அணைச்சிடாதே.

குடியாத்தம்காரன் | வெள்ளி, மாலை 7.25

அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே கனெக்டர் மாத்தினதும் விண்டோஸ் 11 ஓகே. விண்டோஸ் 7 டிஎல்எஸ்லதான் நின்னுச்சு, ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் ஏறிடுச்சு. இன்னைக்கு ரெண்டு லாட் எடை போட்டுப் பார்த்தோம், அக்கவுண்டன்ட் மெஷின்ல உடனே தெரியுது. அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி.

சத்துவாச்சாரி | வெள்ளி, இரவு 8.00

எல்லாம் சரிபா. அந்த விண்டோஸ் 7ல இன்டர்நெட் வருதா?

குடியாத்தம்காரன் | வெள்ளி, இரவு 8.04

வருது அண்ணா. எடை போடுற பையன் அதுலதான் பாட்டு கேட்பான்.

சத்துவாச்சாரி | வெள்ளி, இரவு 8.06

மெஷினை மாத்த முடியாது, சரி. ரவுட்டர்ல அந்த மெஷினுக்கு வெளிய போற வழியை மூடு. உபுண்டுவோட மட்டும் பேசட்டும்.

குடியாத்தம்காரன் | சனி, காலை 11.40

மூடியாச்சு. லாட் இறங்கிட்டு இருக்கு. பையன்தான் காலையிலேர்ந்து என்கூட பேச மாட்டேங்கறான்.