புதுப்பிப்பு: ‘லவ்லெஸ்’ பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்

போன மாதம் எனக்குப் பிடித்த பத்து ஆல்டர்நேட்டிவ், இண்டி ராக் ஆல்பங்களைப் பட்டியல் போட்டேன் இல்லையா? அதில் மை பிளடி வாலன்டைன் இசைக்குழுவின் ‘லவ்லெஸ்’ ஆல்பத்தைச் சேர்க்காமல், “மிக்ஸி ஓடுகிற சத்தம்” என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தேன். “ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் அப்படித்தான் இருக்கும், ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க” என்று நாலைந்து பேர் திட்டினீர்கள். கேட்டேன். மூன்று வாரமாக வேறெதுவும் ஓடவில்லை.

1991இல் வந்த ஆல்பம். முதல் பாட்டு நாலு ஸ்நேர் டிரம் அடியோடு தொடங்கும், உடனே கிட்டார் சுவர் மாதிரி வந்து விழும். ஆனால் அந்தச் சுவர் நிலையாக நிற்காது. சுருதி லேசாக வழுக்கிக்கொண்டே இருக்கும். குழுவின் கிட்டாரிஸ்ட் கெவின் ஷீல்ட்ஸ், சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ கைப்பிடியைக் கையில் பிடித்தபடியே வாசிப்பதால் வருவது அது. நான் ஏதோ டேப் இழுக்கிறது என்று நினைத்தேன்! பாடகி பிலிண்டா புட்சரின் குரலும் முன்னால் வராமல் கிட்டாருக்குள்ளேயே அமுங்கிக் கிடக்கிறது. பாதி வரிகள் இன்னும் புரியவில்லை, புரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

சரி, பட்டியல். ‘லவ்லெஸ்’ இப்போது மூன்றாவது. ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ முதலிடத்திலிருந்து இறங்கவில்லை. ஸ்லின்ட்டின் ‘ஸ்பைடர்லேண்ட்’ ஆறே பாட்டுதான், ஆனாலும் இரண்டாவது; அதில் பேரம் கிடையாது. அப்புறம், பத்தாவதாக இருந்ததைத் தூக்கிவிட்டேன். காலேஜ் ஞாபகத்துக்காக மட்டும் வைத்திருந்தது அது.