புதுப் பிஸ்டல்: குறுக்குப் பின் கழல மாட்டேன் என்கிறது, ஸ்லைடும் முழுசாக மூடுவதில்லை

கடைக்காரன், ஜார்ஜ்டவுன்:

எல்லோருக்கும் வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்களுக்கு நகைக்கடை. அப்பாவிடம் ரொம்ப வருடமாக ஒரு ரிவால்வர் இருந்தது. வயதாகிவிட்டது, கையும் நடுங்குகிறது என்று போலீஸில் ஒப்படைத்துவிட்டார். என் பெயரில் லைசன்ஸ் எடுத்து மூன்று வாரத்துக்கு முன் ஒரு சின்ன 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். பின்னால் சுத்தியல் தெரிகிற மாடல், அலுமினிய உடம்பு, அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் இரும்பு ஸ்லைடு, கூடவே தோட்டா நிரப்பிச் செருகும் மேகஸின் இரண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில் 50 தோட்டா சுட்டேன். நாலு தடவை ஸ்லைடு முன்னால் வந்து, மூட இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போதே நின்றுவிட்டது. இரண்டு தடவை காலித் தோட்டா வெளியே விழாமல் ஸ்லைடில் மாட்டி ஊதுபத்தி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. கடைசித் தோட்டா போனதும் ஸ்லைடு பின்னாலேயே நிற்க வேண்டும் இல்லையா? ஒரு நேரம் நிற்கிறது, ஒரு நேரம் இல்லை.

சரி, கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று வீட்டில் உட்கார்ந்தேன். ஸ்லைடு ஸ்டாப்பை, அதாவது ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைக்கும் குறுக்குப் பின்னை, தள்ளி எடுக்கச் சொல்கிறது கையேடு. அசையவே இல்லை. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பியதில் பக்கவாட்டில் அரை அங்குலக் கீறல் விழுந்ததுதான் மிச்சம். அப்பா வேறு, "ரிவால்வரில் ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று தினமும் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்துவிடுகிறார்.

பொருளில் பழுதா, இல்லை என் கையில்தான் பழுதா?

சுங்கை பட்டாணி மச்சான்:

பாஸ், டபிள்யூடி-40 அடித்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் சுத்தியலால் ஒரு தட்டு. என் மோட்டார் சைக்கிளில் பின்சக்கர போல்ட் அப்படித்தான் வந்தது லா.

பழைய ஆர்மரி, பட்டர்வொர்த்:

தம்பி, மேலே சொன்னதைச் செய்துவிடாதே. மச்சான் கோபித்துக்கொள்ளக் கூடாது. மோட்டார் சைக்கிள் போல்ட்டுக்குப் பின்னால் தோட்டா இருக்காது.

பணியில் இருந்த காலம் முழுக்க ஆயுதக் கிடங்கில்தான் எனக்கு வேலை. முதலில் நீ ஒன்று சொல்ல வேண்டும்: நெம்பியபோது சேம்பர், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறை, காலி என்று எப்படித் தெரிந்துகொண்டாய்? ரிவால்வர் பழகிய வீட்டிலிருந்து வருகிறவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். ரிவால்வரில் உருளையை வெளியே சாய்த்தால் எல்லாத் தோட்டாவும் கண்ணெதிரே தெரியும். பிஸ்டலில் மேகஸின் உன் கைக்கு வந்த பிறகும் சேம்பரில் ஒன்று உட்கார்ந்திருக்கும். முதலில் மேகஸினை எடு, அப்புறம் ஸ்லைடை இழு. வரிசை மாறினால், உள்ளே இருப்பதை வெளியே எறிந்த கையோடு மேகஸினிலிருந்து இன்னொன்றை ஸ்லைடே ஏற்றிவிடும். கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும்.

இப்போது அந்தக் குறுக்குப் பின். நீ சொல்வது போன்ற மாடலில் ஸ்லைடின் பின்பகுதியில், ஓரத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கும். அதற்குக் கீழே உடம்பில் இன்னொரு கோடு. சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வை, ஸ்லைடு இலகுவாக வரும். ஸ்லைடை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகப் பின்னால் கொண்டுவந்து, இரண்டு கோடும் நேர்க்கோட்டில் வரும்போது அப்படியே பிடித்துக்கொள். ஒரு நூல் தள்ளிப்போனாலும் பின் வராது. ஸ்லைடில் வெட்டியிருக்கும் பள்ளம் அந்த இடத்தில் மட்டும்தான் ஸ்டாப்பின் மூக்குக்கு வழிவிடும். வலது பக்கம் பின்னின் முனை ஒரு சின்ன வட்டமாகத் தெரியும். விரலால் அழுத்து. புதுசு, கெட்டியாகத்தான் இருக்கும். காலி மேகஸினின் அடித்தட்டு ஓரத்தை வைத்து அழுத்தலாம், மரக்கட்டையால் மெல்லத் தட்டலாம். இரும்பு வேண்டவே வேண்டாம்.

உள்ளே இருக்கும் ஸ்பிரிங், குழலின் அடிக்கொம்பு வழியாக அந்தப் பின்னை எப்போதும் நெருக்கிக்கொண்டே இருக்கிறது. நீ இடது பக்கத்திலிருந்து நெம்பியபோது அந்த ஸ்பிரிங்கோடும் மூடிய பள்ளத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டியிருக்கிறாய்.

கடைக்காரன், ஜார்ஜ்டவுன்:

வந்துவிட்டது ஐயா! கோடு இருப்பதே எனக்குத் தெரியவில்லை, ஏதோ கீறல் என்று நினைத்தேன். மேகஸின் அடித்தட்டால் அழுத்தியதும் ராத்திரி 11 மணிக்கு 'களுக்' என்று கையோடு வந்தது. சேம்பர் விஷயத்தில் உண்மையைச் சொல்கிறேன்: மேகஸினை எடுத்தேன், அதோடு சரி. இந்த முறை விரலை விட்டுப் பார்த்தேன்.

உள்ளே பார்த்தால் எங்கும் பழுப்பு மசகு. குழலின் வெளிப்பக்கம், ஸ்லைடின் தண்டவாளம், எல்லா இடமும் தேன் மாதிரி. காலித் தோட்டாவை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் அது கரியோடும் பித்தளைத் தூளோடும் சேர்ந்து கோந்தாகவே ஆகிவிட்டது. கொக்கியையும் சுடும் ஊசியையும் கழற்றிச் சுத்தம் செய்யட்டுமா? ஒரு வீடியோவில் காட்டினார்கள். இன்னொன்று, ஸ்லைடை மட்டும் கூரியரில் கோலாலம்பூர் ஏஜெண்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லலாமா?

பழைய ஆர்மரி, பட்டர்வொர்த்:

தேன் மாதிரி இருப்பது கப்பலிலும் கிடங்கிலும் துருப்பிடிக்காமல் இருக்க ஆலையில் பூசி அனுப்பும் மசகு. சுடுவதற்கான எண்ணெய் இல்லை. வாங்கியதும் அதைத் துடைத்து எடுக்காமல் ரேஞ்சுக்குப் போனால், ஸ்லைடு கடைசி இரண்டு மில்லிமீட்டரில் மூச்சு வாங்கும். கொக்கிக்கு அடியில் கோந்து இருந்தால் காலித் தோட்டாவின் விளிம்பை அது சரியாகக் கவ்வாது. உன் புகாரில் பாதி இங்கேயே தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

கொக்கியையும் ஊசியையும் தொடாதே. ஸ்லைடு, குழல், ஸ்பிரிங், அதன் கம்பி, ஸ்லைடு ஸ்டாப், உடம்பு. சொந்தக்காரர் கழற்ற வேண்டியது அவ்வளவுதான். எங்கள் கிடங்கில் புதிதாக வந்த பையன் ஒருவன் கொக்கியின் ஸ்பிரிங்கைத் தெறிக்கவிட்டு, மூன்று பேர் தரையில் மண்டிபோட்டுத் தேடினோம். கடைசியில் அது அவன் சட்டைப் பையில் கிடந்தது. உன் வீட்டில் தெறித்தால் அலமாரிக்கு அடியில் போய்விடும், நீ லைசன்ஸ் வைத்திருக்கும் துப்பாக்கியின் ஒரு பாகம் காணோம் என்றாகிவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ், பல்குச்சி, துப்பாக்கிக்கென்று விற்கும் சால்வெண்ட் போதும். ஸ்லைடின் மூக்கைக் கீழே பிடித்துத் தேய், அழுக்கு ஊசித் துளைக்குள் இறங்காது.

எண்ணெய் கொஞ்சம் போதும். தண்டவாளம் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு, குழலின் மேல் விரலால் ஒரு பூச்சு. தாளிக்கிற மாதிரி ஊற்றினால் கரியும் தூசும் அதில்தான் ஒட்டும். திரும்ப மாட்டும்போது ஸ்பிரிங் கம்பியின் தலை குழலின் அடிக்கொம்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பார். கோணலாக இருந்தால் பின் துளைக்குள் நுழையாது, நீ மறுபடி ஸ்க்ரூடிரைவரைத் தேடுவாய்.

மாட்டிய பிறகு தோட்டா இல்லாமலே ஒரு சோதனை. காலி மேகஸினைச் செருகி ஸ்லைடை முழுதாகப் பின்னுக்கு இழு. அது பின்னாலேயே நிற்க வேண்டும். இரண்டு மேகஸினிலும் பத்துப் பத்துத் தடவை செய்து இங்கே எழுது.

கிள்ளான் குமாஸ்தா:

கூரியர் என்று படித்ததும் பகீர் என்றது. வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், அந்த முறையில் சொல்கிறேன். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் முழுத் துப்பாக்கி மட்டும் இல்லை, அதன் பாகமும் ஆயுதம்தான். ஸ்லைடைப் பெட்டியில் போட்டு அனுப்பினால், அதை வாங்கும் பையன் முதல் வண்டி ஓட்டுபவர் வரை லைசன்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர் என்ற பேச்சு வரும். துப்பாக்கிகளுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971 சட்டத்தில், சட்டவிரோதமாக வைத்திருந்தாலே 14 வருடம் வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. கீறலைப் பாலிஷ் போட லேத் பட்டறையில் கொடுத்துவிட்டு வருவதும் இதே கதைதான். லைசன்ஸ் உள்ள டீலரிடம், லைசன்ஸ் புத்தகத்தோடு, நீங்களே கொண்டுபோங்கள். அதற்கு முன் லைசன்ஸ் கொடுத்த போலீஸ் பிரிவில் என்ன நடைமுறை என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படம் போட்டால் சீரியல் எண்ணை மறைத்துவிட்டுப் போடவும்.

ஆயர் ஈத்தாம் மாடிவீடு:

எனக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில்தான் வீடு என்பதால் படிக்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஞாயிறு சுடுபவன், கே.எல்.:

ஆர்மரி ஐயா பொருளைப் பார்த்துவிட்டார், நான் கையைப் பார்க்கிறேன். சின்னப் பிஸ்டலில் ஸ்லைடு கனம் குறைவு, ஸ்பிரிங் கெட்டி. ஸ்லைடு பின்னால் ஓட வேண்டுமென்றால் பிஸ்டலின் உடம்பு அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் மொத்தப் பிஸ்டலும் கையோடு சேர்ந்து பின்னால் வந்துவிடும், ஸ்லைடுக்கு ஓட்டம் குறைந்து காலித் தோட்டா மாட்டிக்கொள்ளும். ரிவால்வரில் இந்தத் தொல்லையே கிடையாது, உருளையைத் திருப்புவது விரல்தானே. அதனால் அப்பா பிடிப்பதைப் பார்த்துப் பழகியிருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

அப்புறம், வலது கட்டை விரல் எங்கே இருக்கிறது? ஸ்லைடு ஸ்டாப்பின் மேல் படுத்திருந்தால், கடைசித் தோட்டாவில் அது எழும்ப முடியாது. எனக்கே ஆறு மாதம் இருந்த பழக்கம்.

மேகஸின்களுக்கு மார்க்கரால் 1, 2 என்று எழுதுங்கள். நின்றால் எந்த மேகஸின், எத்தனாவது தோட்டா, எந்தக் கை என்று குறியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நமக்குத் தோட்டா எண்ணித்தான் கிடைக்கிறது, அதைக் குழப்பத்தில் வீணாக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. நான் வைத்திருப்பது க்ளாக் 19. அதைக் கழற்றும் முன் ட்ரிகரை இழுத்தே ஆக வேண்டும். உங்களுடையதில் அது தேவையில்லை. நாளைக்கு வேறு ஒன்று வாங்கினால் இந்த வித்தியாசம் ஞாபகம் இருக்கட்டும். சேம்பரைப் பார்க்காமல் இழுத்துச் சுவரில் ஓட்டை போட்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

கடைக்காரன், ஜார்ஜ்டவுன்:

இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும், கல்யாண சீசன்.

சுத்தம் செய்த பிறகு 60 சுட்டேன். ஸ்லைடு ஒரு தடவைகூடப் பாதியில் நிற்கவில்லை. ஊதுபத்தி ஒரே ஒரு முறை, அதுவும் கை சோர்ந்த பிறகு 55ஆவதில். அது என் மணிக்கட்டுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஐயா சொன்ன காலி மேகஸின் சோதனையில்தான் விஷயம் மாட்டியது. 1ஆம் நம்பர் பத்துக்குப் பத்து. 2ஆம் நம்பர் பத்துக்கு மூன்று. ரேஞ்சிலும் அப்படியே, கட்டை விரலைக் கீழே வைத்துக்கொண்டும். இரண்டையும் நகை பார்க்கும் லூப்பில் வைத்துப் பார்த்தேன், அதுதான் எங்கள் கடையில் இருக்கிறதே. உள்ளே தோட்டாவைத் தூக்கும் பிளாஸ்டிக் துண்டில், ஸ்லைடு ஸ்டாப்பைத் தள்ளும் படி இருக்கிறது பாருங்கள், 1இல் அது செதுக்கியது போலக் கூராக நிற்கிறது. 2இல் மூலை உருண்டு, ஓரத்தில் மயிரளவு பிசிறு. வார்ப்பிலேயே நிரம்பாமல் வந்திருக்கிறது. அரம் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

பழைய ஆர்மரி, பட்டர்வொர்த்:

அரத்தை வைத்தாயே, அதுதான் புத்தி. உருண்ட மூலையைத் தேய்த்து வளர்க்க முடியாது. மேகஸினை அப்படியே டீலரிடம் காட்டு, குறித்த தாளையும் கொண்டுபோ. மாற்றித் தருகிறவரை 2ஆம் நம்பரைச் செருகாதே. வீட்டில் தோல் உறையிலேயே விட்டு வைக்காதே, பினாங்குக் காற்றுக்குத் தோல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஸ்லைடில் துருவை எழுதிவிடும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பையும் போட்டுவை.

கடைக்காரன், ஜார்ஜ்டவுன்:

போலீஸ் பிரிவில் கேட்டுவிட்டேன். டீலர் திங்கட்கிழமை வரச் சொன்னார், வேறு மேகஸின் தருகிறாராம். லைசன்ஸ் புத்தகமும் மேகஸினும் போதுமாம். 1ஆம் நம்பர் காலியாகி ஸ்லைடு நின்றதை அப்பா பார்த்துவிட்டு, "இது முடிந்துவிட்டது என்று அதுவே சொல்கிறதா?" என்று கேட்டார். அதற்கப்புறம் ரிவால்வர் பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அந்தக் கீறலுக்கு ஏதாவது வழி உண்டா ஐயா? கறுப்பு நெயில் பாலிஷ் என்றாள் மனைவி.

பழைய ஆர்மரி, பட்டர்வொர்த்:

அலுமினியம், துருப்பிடிக்காது. அப்படியே விடு.