மோர்மன் சபையின் தொடக்க வரலாறு: விக்கிப்பீடியா யாருடைய சாட்சியை நம்புகிறது?

சுவடிப்பிரியன்:
ஜோசப் ஸ்மித்தைப் பற்றியும், 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் அவர் நிறுவிய சபையைப் பற்றியும் ஆங்கில விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரைகளைச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். ஆண்டுகளிலோ பெயர்களிலோ பெரிய பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. என் மனக்குறை வேறு. அச்சபையின் வேதமான மோர்மன் நூலின் மூலம் என்று சொல்லப்படும் பொன் தகடுகளைக் கண்டதாகப் பதினொருவர் கையெழுத்திட்டுச் சாட்சி சொன்னார்கள். அவர்களைப் பற்றிய வாக்கியங்களில் ‘கூறிக்கொண்டனர்’ என்ற தொனியே மேலோங்குகிறது. ஸ்மித் குடும்பத்தார் சோம்பேறிகள், புதையல் தேடித் திரிந்தவர்கள் என்று அவர்கள் வாழ்ந்த பால்மைரா வட்டார அயலார் தந்த வாக்குமூலங்களோ ஐயத்திற்கு இடமற்ற செய்திகள்போல வந்து அமர்கின்றன. அவற்றைத் திரட்டிய ஹர்ல்பட், 1833இல் அதே சபையிலிருந்து விலக்கப்பட்டவர். 1834இல் ஹோவ் என்பவர் அவற்றை நூலாக வெளியிட்டதே சபையை மறுப்பதற்காகத்தான். இந்தப் பின்னணி வாக்குமூலத்தின் அருகிலேயே சொல்லப்பட வேண்டும் என்பது என் வாதம்.

நெய்தல்:
திரட்டியவர் பகைவர் என்பதற்காகத் திரட்டப்பட்டது பொய்யாகிவிடாது. 1826இல் தெற்குப் பெயின்பிரிட்ஜ் ஊரில் ஸ்மித் நீதிபதி முன் நிறுத்தப்பட்டார். அந்த விசாரணைக்கான கட்டணச்சீட்டை 1971இல் கண்டெடுத்தவர் வெஸ்லி வால்டர்ஸ் என்ற பிரெஸ்பிட்டேரியன் (ஒரு புராட்டஸ்டண்ட் பிரிவு) போதகர். மோர்மன் வரலாற்றின்மீது அவர் கொண்டிருந்த எதிர்ப்பு ஊரறிந்தது. ஆயினும் அந்தச் சீட்டு உண்மையானது. கல்லில் பார்த்துப் புதையல் சொல்பவர் என்ற பொருள்படவே ஸ்மித் அதில் குறிக்கப்படுகிறார். ஜோசையா ஸ்டோவல் என்பவரிடம் வெள்ளிச் சுரங்கம் தேடும் கூலி வேலை செய்ததை ஸ்மித்தே தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டார். இளமையில் அவர் ஒரு கல்லைக் கொண்டு புதையல் தேடியதைச் சபை 2013இல் வெளியிட்ட தன் கட்டுரையிலேயே ஏற்றது; 2015இல் ஒரு கல்லின் படத்தையும் வெளியிட்டது. சபையே ஏற்ற ஒன்றைக் கலைக்களஞ்சியம் நேரடியாகச் சொன்னால் அதை எப்படிச் சார்பு என்பீர்கள்?

அந்தப் பதினொருவர் யார் என்பதையும் பாருங்கள். ஸ்மித்தின் தந்தையும் இரு சகோதரர்களும் அவர்களில் அடக்கம். ஐவர் விட்மர் குடும்பத்துச் சகோதரர்கள். ஹைரம் பேஜ் அக்குடும்பத்தின் மருமகன். ஹர்ல்பட்டின் பகையைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த உறவுமுறையையும் அதே வரியில் சொல்லத்தான் வேண்டும்.

சுவடிப்பிரியன்:
சொல்லட்டும், மனமார ஏற்கிறேன். அதோடு, அந்தப் பதினொருவரில் முதன்மைச் சாட்சிகளான ஆலிவர் கௌடரி, டேவிட் விட்மர், மார்ட்டின் ஹாரிஸ் ஆகிய மூவருமே 1837, 1838ஆம் ஆண்டுகளில் ஸ்மித்தோடு பிணங்கிச் சபையை விட்டு நீங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். கௌடரியும் ஹாரிஸும் பின்னர்த் திரும்பினார்கள். விட்மர் 1888இல் இறக்கும்வரை திரும்பவேயில்லை, ஆனாலும் தம் சாட்சியைக் கைவிடவில்லை. இதனால் தகடுகள் இருந்தன என்று நிறுவப்பட்டுவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால், உறவினர் என்பதால் ஒத்துப் பேசினார்கள் என்ற எளிய விளக்கம் இங்கே போதாது. புதையல் தேடியதை நான் மறுக்கவில்லை. ‘சோம்பேறிகள்’ என்ற தீர்ப்புக்குக் கட்டணச்சீட்டு எவ்வகையில் சான்றாகும்?

மலையமான்:
இருவரும் மூலச் சான்றுகளிலேயே நிற்கிறீர்கள். விக்கிப்பீடியாவின் விதிப்படி பயனர்கள் மூலங்களை எடைபோட்டுச் சொந்த முடிவுக்கு வரக் கூடாது; ஆய்வாளர்கள் எழுதியதைத்தான் தொகுக்க வேண்டும். எனவே சார்பு இருந்தால் அதை ஆய்வாளர்களை அறிமுகப்படுத்தும் விதத்தில்தான் தேட வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தும் ரிச்சர்ட் புஷ்மன் பெயருக்கு முன் ‘மோர்மன் வரலாற்றாசிரியர்’ என்று ஒட்டும் வழக்கம் உண்டு. மோர்மன் குடும்பத்தில் வளர்ந்து, 1945இல் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதி, மறு ஆண்டே சபையிலிருந்து விலக்கப்பட்ட ஃபான் புரோடியை ‘வரலாற்றாசிரியர்’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஒட்டுவதென்றால் இருவருக்கும் ஒட்டுங்கள். இல்லையேல் இருவருக்கும் விடுங்கள்.

நெய்தல்:
மலையமான் சொன்ன அளவுகோல் எனக்கு உடன்பாடே. ஆனால் சார்பு மறுபக்கமும் சாய்கிறது என்பதைச் சுவடிப்பிரியன் கவனிக்க வேண்டும். இளமையில் தமக்குக் கிடைத்ததாக ஸ்மித் சொன்ன தெய்வக் காட்சியான முதல் தரிசனத்தைச் சொல்வோர் பலரும், பிதா, குமாரன் ஆகிய இருவர் தோன்றியதாகக் கூறும் 1838ஆம் ஆண்டு விவரிப்பையே முதுகெலும்பாகக் கொள்கிறார்கள். சபை வேதமாக ஏற்றது அதைத்தான். ஸ்மித் தம் கைப்படவே எழுதிய பகுதியைக் கொண்ட 1832ஆம் ஆண்டு விவரிப்பில் ஆண்டவர் ஒருவரே வெளிப்படையாகக் குறிப்பிடப்படுகிறார். அது 1965வரை அச்சேறவில்லை. முந்தையதைப் பிற்சேர்க்கையாகத் தள்ளுவது நடுநிலை ஆகாது.

சுவடிப்பிரியன்:
காலவரிசைப்படி 1832ஐ முதலில் வைப்பதற்கு எனக்குத் தடையில்லை. வாக்குமூலங்களுக்கு நான் முன்வைக்கும் வரி இது: “சபையிலிருந்து விலக்கப்பட்ட ஹர்ல்பட் 1833இல் திரட்டிய வாக்குமூலங்களில், அயலார் பலர் ஸ்மித் குடும்பத்தைச் சோம்பேறிகள் என்று கூறினர், புதையல் தேடியதாக அவர்கள் சொன்னதை வேறு சான்றுகளும் ஆதரிக்கின்றன.” பதினொருவருக்கும் இதே ‘கூறினர்’ வர வேண்டும். தமிழில் ‘கூறிக்கொண்டனர்’ என்று எழுதினாலே பாதித் தீர்ப்பு வந்துவிடுகிறது. தமிழ்க் கட்டுரையை எழுதுவோர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

நெய்தல்:
வரியை ஏற்கிறேன். பதினொருவருக்கும் ‘கூறினர்’ என்றே இருக்கட்டும். ஆனால் உறவுமுறை அடிக்குறிப்புக்குப் போகக் கூடாது, அதே பத்தியில் நிற்க வேண்டும்.