வேலையும் நாட்களும்: கணக்கைப் படிப்படியாக விளக்க உதவி தேவை

குழுவிலுள்ள ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில், தமிழ் வழியில் பயிலும் 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் வீட்டுப்பாடக் கணக்குகளைச் சொல்லித் தருகிறேன்.

ஒரு தென்னந்தோப்பை ஒருவர் 12 நாட்களிலும் மற்றொருவர் 6 நாட்களிலும் களையெடுத்து முடிப்பார் எனில், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாட்களாகும் என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 9 என்கிறார்கள். தனியாகவே 6 நாட்களில் முடிப்பவருக்குத் துணை சேர்ந்தபின் நாள் கூடுமா என்று கேட்டவுடன் விடை தவறென்பது அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால், முதலாமவர் ஒரு நாளில் 1/12 பங்கும் அடுத்தவர் 1/6 பங்கும் முடிப்பதால், இருவருமாக 3/12, அதாவது 1/4 பங்கு முடிகிறது என்பதுவரை வந்தவர்கள், அதிலிருந்து 4 நாட்கள் என்ற விடைக்குத் தாங்களாகச் செல்லத் தயங்குகிறார்கள். பின்னத்தைத் தலைகீழாக்கினால் போதும் என்று சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் தெரியாத விதி அடுத்த தேர்வுக்குள் மறந்துபோகும்.

சதவீதத்திலும் இதே சிக்கல்தான். 500 ரூபாய்ச் சட்டை 20 சதவீதத் தள்ளுபடியில் 400 ரூபாயானால், பழைய விலைக்குத் திரும்ப 25 சதவீதம் உயர வேண்டும் என்பதை அவர்கள் ஏற்க மறுக்கிறார்கள்.

இவ்விரண்டையும் படம் வரைந்தோ கட்டங்களாகப் பிரித்தோ வகுப்பில் விளக்கியவர்கள், ஒவ்வொரு படியையும் விடாமல் தமிழில் எழுதி அனுப்பினால் பேருதவியாக இருக்கும். கையால் எழுதிய தாளின் புகைப்படமானாலும் போதும்.