வலிப்புக்கு மருந்து எழுதும் முன் மரபணுப் பரிசோதனை தேவையா?

மின்னல்வரி:
நரம்பில் ஓடும் மின்சாரம் எல்லாமே அயனிகளின் போக்குவரத்துதான். சோடியம் சேனல் (அயனி நுழையும் வாயில்) திறந்தால் துடிப்பு கிளம்பும், பொட்டாசியம் சேனல் திறந்தால் அடங்கும். 1952-லேயே ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து காட்டிவிட்டார்கள். வலிப்பு என்றால் துடிப்பு எல்லை மீறுகிறது. சோடியம் சேனலை அடைக்கும் கார்பமசிபைனோ ஃபெனிடாயினோ கொடுத்தால் போயிற்று. எந்த மரபணு என்று தேடுவது வீண் செலவு.

ஆறாம்விரல்:
அந்த மருந்தாலேயே வலிப்பு கூடியதை நான் பார்த்திருக்கிறேன். என் அக்கா மகனுக்கு ஆறாம் மாதத்தில் காய்ச்சலோடு முதல் வலிப்பு. இடது கையும் காலும் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தன, அரை மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. அப்புறம் வெந்நீரில் குளிப்பாட்டினாலே வந்தது. கார்பமசிபைன் தொடங்கினார்கள்; அளவைக் கூட்டக் கூட்ட வலிப்பும் கூடியது. கடைசியில் மரபணுப் பரிசோதனை சொன்ன பெயர் டிராவே நோய்க்குறி, குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடுமையான வலிப்பு நோய்.

மின்னல்வரி:
வருந்துகிறேன். ஆனாலும் கணக்கு உதைக்கிறதே? சேனலை அடைத்தால் துடிப்பு குறையத்தானே வேண்டும்?

ஆறாம்விரல்:
குறைகிறதுதான். யாருடைய துடிப்பு என்பதில்தான் விஷயம். மூளையில் கத்துகிற நரம்பணுக்களும் உண்டு, அவற்றை அதட்டி உட்கார வைக்கிற நரம்பணுக்களும் உண்டு. டிராவேயில் பெரும்பாலும் பழுதாவது எஸ்சிஎன்1ஏ மரபணு. இது 2001-இல் தெரியவந்தது. அது உருவாக்கும் சோடியம் சேனலை அதிகம் நம்பியிருப்பவை அதட்டுகிறவை. இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே அவற்றின் குரல் கம்மிவிடும். மிச்சமிருக்கும் சேனலையும் மருந்தால் அடைத்தால் என்ன ஆகும்?

தராசுமுள்:
ஆறாம்விரல் சொல்வது சரி. இன்னொரு சோடியம் சேனல் மரபணுவான எஸ்சிஎன்2ஏ இன்னும் வேடிக்கை. அதில் கோளாறு உள்ள குழந்தைக்கு மூன்று மாதத்துக்குள் வலிப்பு வந்தால் பெரும்பாலும் சேனல் மிகையாக வேலை செய்கிறது, அடைக்கும் மருந்து கேட்கும். பிந்தி வந்தால் பெரும்பாலும் வேலை குறைந்த சேனல். அதே மருந்து உதவாது, கெடுக்கவும் கூடும்.

ஆனால் பரிசோதனையைக் கொண்டாடுகிறவர்களும் கொஞ்சம் அடங்க வேண்டும். கேசிஎன்டி1 என்ற பொட்டாசியம் சேனல் மிகையாக இயங்கினால் வலிப்பு வரும். அதை அடைக்க குவினிடின் என்ற இதய மருந்தைக் கொடுத்தார்கள். ஆய்வகத்தில் அழகாக அடைத்தது, நோயாளிகளிடம் பலருக்குப் பலனில்லை, இதயத் துடிப்பில் சிக்கல் வேறு. கேசிஎன்கியூ2 கோளாறோடு பிறக்கும் குழந்தைகளுக்கோ, பழுது பொட்டாசியம் சேனலில் இருந்தும், பெரும்பாலும் கைகொடுப்பது மின்னல்வரியின் கார்பமசிபைன்தான்.

மின்னல்வரி:
பார்த்தீர்களா! சரி, டிராவேயை விட்டுக்கொடுக்கிறேன், எனக்கு அது தெரியாது. ஆனால் தலைக்காயத்துக்குப் பிறகு அறுபது வயதில் வலிப்பு வருகிறவருக்கும் மரபணுப் பரிசோதனை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆறாம்விரல்:
அதை யார் கேட்டார்கள்? ஒரு வயதுக்குள் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு, அதுவும் மறுபடி மறுபடி வருகிற குழந்தையைத்தான் சொல்கிறேன். (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள், அது இன்னும் ஆபத்து.)

தராசுமுள்:
பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

ஆறாம்விரல்:
கார்பமசிபைனை மருத்துவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இப்போது வால்ப்ரோயேட்டும் குளோபசாமும். வலிப்பு நின்றுவிடவில்லை, மாதத்துக்கு இரண்டு மூன்று வருகிறது. முன்பு ஒரே நாளில் அத்தனை வரும்.