ரோடு ஏறியது, வாசல் இறங்கியது: உங்கள் தெருவில் எப்படி?

மூன்றாம் படி
1994இல் வீடு கட்டியபோது மூன்று படி ஏறித்தான் உள்ளே போவோம். ரோட்டுக்கு மேல் ரோடாகப் போட்டு ஒவ்வொரு படியாகப் புதைந்து, கடைசியில் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியதாகிவிட்டது. ஐப்பசி பிறந்தால் அம்மா வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டுத்தான் படுப்பார்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்திலேயே அறிவுறுத்தியிருந்தார். அந்தச் செய்தியை வெட்டி வைத்திருந்தேன். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதன்முதலாகப் பகுதி சபை, அதாவது வார்டு மக்கள் கூட்டம், கூடியபோது அதையும் மனுவோடு சேர்த்துக் கொடுத்தேன்.

பொது நிதியில் மண் தெருக்களுக்குத்தான் முதலிடம் என்றார் கவுன்சிலர். நியாயம்தான், மறுக்க முடியவில்லை. 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் கட்டினால் மீதி அரசுப் பணம் என்று வழி சொன்னார். மதிப்பீடு 9 லட்சம், எங்கள் பங்கு 3 லட்சம். 24 வீடு, வீட்டுக்கு 12,500.

வசூல் லேசில் முடியவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரைக் கை காட்டினார்கள். மூலை வீட்டுக்காரர் தன் வாசல் அடுத்த தெருவில் என்றார். தையல் வேலை செய்யும் அக்கா மாதம் 500 ஆகத் தருகிறேன் என்று முதல் ஆளாகக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு யாரிடமும் கேட்க எனக்குக் கூச்சமில்லை.

பணம் கட்டும் முன் எஸ்டிமேட் நகலைக் கேட்டு வாங்கினேன். சுரண்டும் வேலையே அதில் இல்லை! உதவிப் பொறியாளரைக் கையோடு கூட்டி வந்து படியைக் காட்டினேன். டேப் வைத்து அளந்தார், எஸ்டிமேட்டைத் திருத்தினார். இரண்டு மாதம் தள்ளிப்போனதில் தெருவே என்னைத் திட்டியது. சரி, திட்டட்டும் என்று இருந்தேன்.

பேவர் பிளாக் தெரு
அண்ணா, எங்கள் கதை வேறு. புதுக் கல் பதித்து மூன்றே மாதம், பாதாளச் சாக்கடைக்கென்று நடுவில் பிளந்துவிட்டார்கள். மூடும்போது மண்ணைச் சரியாகக் கெட்டிக்கவில்லை. முதல் மழையிலேயே கல் உள்வாங்கி, பள்ளிக்குக் கிளம்பிய என் மகள் சைக்கிளோடு விழுந்தாள். ரோடு போடுவது ஒரு பிரிவு, குழாய் பதிப்பது இன்னொரு பிரிவு. ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்
தம்பி செய்ததுதான் சரி. மில்லிங், அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுப்பது, எஸ்டிமேட்டில் தனி ஐட்டம். அது இல்லாமல் டெண்டர் போய்விட்டால் ஒப்பந்தக்காரரிடம் எவ்வளவு கெஞ்சினாலும் பிரயோசனமில்லை, அவருக்கு அதற்குக் காசு கிடையாது. கேட்பதை மன்றத்தில் தீர்மானம் வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பேவர் பிளாக் அம்மா, குழாய், சாக்கடை வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே எழுத்தில் கேளுங்கள். வேலை தொடங்கிய பிறகு வந்து நிற்பவர்களைத்தான் என் சர்வீஸ் முழுக்கப் பார்த்தேன். படி வெளியே வந்ததா தம்பி?

மூன்றாம் படி
வந்தது ஐயா. சந்துக்குள் மில்லிங் மெஷின் நுழையவில்லை, ஜேசிபியால்தான் பெயர்த்தார்கள். வெட்டிய ஓரத்தில் நான்கு அடுக்குத் தார் தெரிந்தது. இரண்டு படி வெளியே வந்துவிட்டது. அடிப்படி மட்டும் புதைந்தேதான் இருக்கிறது. குடிநீர்க் குழாய் அந்த மட்டத்தில் ஓடுவதால் அதற்குக் கீழே தோண்ட முடியாது என்றார்கள். இரண்டாவது படியில் ஒட்டியிருந்த தாரை அம்மா மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தார். இந்த ஐப்பசிக்கு மணல் மூட்டை எடுக்கவில்லை.